லேசர் செய்தால் கண்ணாடி கழன்றுவிடுமா?

சரக்கெடுக்கச் சென்னைக்குப் போகும் யாழ்ப்பாண வியாபாரிகள் சிலர் துணி விலையோடு இன்னொன்றையும் என்னிடம் விசாரிக்கிறார்கள். போன கையோடு கண்ணுக்கு லேசர் செய்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரலாமா? பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 இல் தொடங்கி, கொரோனாவால் நின்ற விமானம் 2022 டிசம்பரில் மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகு இந்த விசாரிப்புக் கூடியிருக்கிறது. நான் வைத்தியன் அல்ல, வியாபாரி. காசு போடுமுன் சாமானை அறிய வேண்டும் என்ற அளவில் கேட்டறிந்ததை எழுதுகிறேன்.

இந்த லேசருக்குச் சென்னையோடு பழைய உறவு உண்டு. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்தார். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் எக்சைமர் லேசரால் வெட்டிப் பார்த்தார். சுற்றுப்புறம் கருகாமல் சுத்தமான வெட்டு விழுந்தது. 1983 இல் கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து இதைக் கண்ணுக்குப் பயன்படுத்தும் வழியை எழுதி வெளியிட்டார். மிஞ்சின கறியில் பிறந்த தொழில் இது!

கண்ணின் முன்பக்கத்தில் உள்ள விழிவெண்படலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பு. அதன் மேலே மெல்லிய மூடி போல ஒரு படையைத் திறந்து, உள்ளே லேசரால் சீவி வளைவை மாற்றி, மூடிவிடுகிறார்கள். பவர் கூடக் கூடச் சீவுவதும் கூடும். படலம் மெல்லியதாக இருப்பவருக்கு நல்ல வைத்தியர் மறுத்துவிடுவார். தட்டார் அராவிய பொன் தூளையாவது திரும்ப உருக்கலாம், இதில் சீவியது போனதுதான்.

ஐந்துசந்திப் பக்கம் தையற்கடை வைத்திருக்கும் நானா ஒருவருக்கு வயது 46. குறும்பார்வை, பவர் மைனஸ் இரண்டரை. தூரத்துக்குக் கண்ணாடி போடுவார், ஊசி கோக்கும்போது கழற்றிவிடுவார். அவர் லேசர் செய்யக் காசு சேர்த்திருந்தார். நான் ஒன்றுதான் கேட்டேன்: “நானா, ஊசிக்கு என்ன செய்வீங்க?” நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது வெள்ளெழுத்து. அது கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதால் வருவது. லேசர் அந்த வில்லையைத் தொடுவதில்லை. குறும்பார்வைக்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் தெரிவது ஒரு கைமுதல் மாதிரி. இரண்டு கண்ணையும் தூரத்துக்குத் திருத்தினால் அந்தக் கைமுதல் போய்விடும். பஸ் பெயர்ப்பலகை தெரியும், ஊசிக்கும் கணக்குக் கொப்பிக்கும் கண்ணாடி வேண்டும். நாள் முழுக்கக் கிட்டத்தில் வேலை செய்பவருக்கு இது லாபமா?

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறையும் உண்டு. எல்லோருக்கும் ஒத்துவராது. முதலில் கொன்டக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் அப்படிப் பார்த்துப் பழகிச் சோதிக்கலாம். நானா இப்போது அதைத்தான் யோசிக்கிறார்.

பவர் ஒரு வருடமாவது மாறாமல் நிற்கும் இருபத்தைந்து, முப்பது வயது இளைஞருக்குக் கணக்கு வேறு. அவர் பல வருடங்கள் கண்ணாடி இல்லாமல் இருக்கலாம். ஆனால் இரவில் ஏ-9 வீதியில் லொறி ஓட்டுபவர், எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், கண் வறளலாம் என்பதைக் கேட்டுவைக்க வேண்டும். பெரும்பாலும் சில மாதங்களில் குறையும். சிலருக்கு நீடிக்கும்.

விலை கேட்கும்போது சோதனை, சொட்டு மருந்து, மறுபார்வை எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் காட்ட வேண்டிவரும் என்பதால், தங்கும் செலவும் கடை பூட்டிய நாட்களும் உங்கள் கணக்கில்தான் ஏறும். கண்ணைக் கசக்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்பார்கள். வுழூச் செய்வது எப்படி என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்துகொண்டவர்கள் சிகிச்சைக்கு முந்திய கண் அளவுகள் எழுதிய கடதாசியைக் கேட்டு வாங்கி, காணி உறுதியோடு வைத்துக்கொள்ளுங்கள். முதுமையில் கண்புரைக்கு வில்லை வைக்கும்போது, லேசர் செய்த கண்ணுக்கு வழமையான கணக்கு பிசகும். அந்த வைத்தியர் முதலில் தேடுவது அந்தக் கடதாசியைத்தான்.