துணிக்குப் போடும் மருந்து: உண்ணியும் பெர்மெத்ரினும் எங்கள் வீட்டுப் பூனையும்

போன ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு காட்டுப்பாதையில் நடக்கப் போயிருந்தோம். திங்கட்கிழமை காலையில் குளிக்கும்போது முட்டிக்குப் பின்னால் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. மச்சம் என்று நினைத்தேன். கண்ணாடி வைத்துப் பார்த்தால் மச்சத்துக்குக் கால் இருக்கு. கசகசா அளவுதான் இருக்கும். கிட்டத்தட்ட ரெண்டு நாள் என் ரத்தத்தைக் குடித்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். லைம் நோய்க்கு அந்தப் பெயர் வந்ததே இந்த மாநிலத்தில் உள்ள லைம் என்ற ஊரால்தான். 1970களின் நடுவில் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியது. அதைக் கவனித்து முதலில் குரல் கொடுத்தவர்கள் அம்மாக்கள். கருங்கால் உண்ணியின் உடம்பில் இருக்கும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்பதை வில்லி பர்க்டார்ஃபர் 1982ல் வெளியிட்டார். அந்த உண்ணியின் இளம்பருவம்தான் என் முட்டிக்குப் பின்னால் இருந்தது. டாக்டர் 100 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் ரெண்டு மாத்திரையை ஒரே வேளையாகப் போடச் சொன்னார். உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய தடுப்பு அது. நல்லவேளை, எனக்கு ஒன்றும் வரவில்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாட்டிலை நீட்டினார். "துணிக்கு அடிங்க, எனக்குப் பத்து வருஷமா ஒரு கடி இல்ல" என்றார். பெர்மெத்ரின், 0.5 சதவீதம். லேபிளின் பின்பக்கத்தில் பூனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் வீட்டிலோ ஒரு பூனை இருக்கிறது, துவைக்கப் போட்ட துணிக்கூடைதான் அதற்குப் படுக்கை. அதனால் அடிப்பதற்கு முன்னால் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

விரட்டுவது வேறு, கொல்வது வேறு

கடையில் ரெண்டும் ஒரே அலமாரியில் இருப்பதால் நான் குழம்பியிருந்தேன். டீட் என்பது தோலில் பூசுவது. 1946ல் அமெரிக்க ராணுவம் உருவாக்கியது. பூச்சி நம்மைக் கண்டுபிடித்து வந்து உட்காருவதைக் குழப்பிவிடும், கொல்லாது. பெர்மெத்ரின் அப்படி இல்ல. அது தொட்டால் கொல்லும் நஞ்சு. மருந்து போட்ட துணியில் உண்ணி ஏறினால் சூடான தோசைக்கல்லில் கால் வைத்த மாதிரி தத்தளிக்கும், பிடி விட்டுக் கீழே விழும். போதுமான நேரம் தொட்டிருந்தால் நடக்க முடியாமல் போய்ச் செத்தும்விடும்.

இது உண்ணிக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் விழுவதும் இல்லை. புல்நுனியில் பின்னங்காலால் பிடித்துக்கொண்டு முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். நம் மூச்சையும் சூட்டையும் உணரும் உறுப்பு அந்த முன்னங்காலில்தான் இருக்கிறது. நாம் உரசிக்கொண்டு போகும்போது தொற்றி, மேல்நோக்கி நடக்கும். அதாவது தோலைத் தொடுவதற்கு முன்னால் அது ஷூ, சாக்ஸ், பேண்ட் என்று துணிமேலேயே நடந்தாக வேண்டும். மருந்து போடுவது அந்த நடைபாதையில்தான். பறந்து வந்து திறந்த கையில் உட்காரும் கொசுவுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கொசுவுக்குத் துணி மருந்து பாதிதான், மீதிக்குத் தோலில் பூசுவது வேண்டும்.

கொசுவத்தியின் சொந்தக்காரன்

பெர்மெத்ரினுக்கு மூலம் ஒரு பூ. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பைரெத்ரம் பூவைக் காயவைத்துப் பொடித்தால் பூச்சிக்கொல்லி. ஆரம்பகாலக் கொசுவத்திகள் அந்தப் பொடியில்தான் செய்யப்பட்டன. குறை என்னவென்றால், வெயில் பட்டால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் அந்த மூலக்கூறின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து, வெயிலைத் தாங்கும் பெர்மெத்ரினை 1973ல் கொண்டுவந்தார்கள்.

பூச்சியின் நரம்பில் சோடியம் போய்வரும் வாசல்கள் உண்டு. பெர்மெத்ரின் அந்த வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு ஓயாமல் துடித்து, கடைசியில் செயலிழக்கும். நமக்கும் அதே மாதிரி வாசல்கள் இருக்கின்றன. ஆனால் பூச்சியினுடையது பல மடங்கு எளிதில் மாட்டிக்கொள்ளும். அதோடு நம் கல்லீரல் இதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும்.

துணிக்கு மருந்து போடுவதும் புது யோசனை இல்லை. ரெண்டாம் உலகப் போரில் நியூகினிக் காடுகளில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் படைவீரர்களைக் கொன்றுகொண்டிருந்தது. மெக்கல்லக் என்ற ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர், டைபியூட்டைல் தாலேட் என்ற எண்ணெயைக் கையில் ஊற்றிச் சீருடையில் தேய்த்தால் பலன் இருக்கிறது, துவைத்தும் நிற்கிறது என்று காட்டினார். அதே காய்ச்சல் தமிழ்நாட்டில் இன்றைக்கும் மழைக்காலத்தை ஒட்டி வருகிறது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம், ஆனால் பரப்புவது உண்ணி இல்ல, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அதன் தூரத்துச் சொந்தம். தாலேட்டின் இடத்துக்குப் பின்னால் வந்ததுதான் பெர்மெத்ரின். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் சீருடைகளுக்கு இதைப் போட ஆரம்பித்தது.

உண்மையில் எவ்வளவு பலன்?

பக்கத்து வீட்டுக்காரரின் "ஒரு கடி இல்ல" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது இல்லையா? ரெண்டு ஆய்வுகள் எனக்கு உதவின.

முதலாவது ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தினர் 2011ல் வெளியிட்டது. மருந்து போட்ட ஷூவும் சாக்ஸும் அணிந்தவர்களுக்குக் கடி விழும் வாய்ப்பு, சாதா ஷூ சாக்ஸ் அணிந்தவர்களைவிட 73.6 மடங்கு குறைவாக இருந்தது. ஒரே ஒரு பொருளுக்கு மருந்து போடத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்குப் போடுவது என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ரெண்டாவது 2014ல் வெளியானது. வட கரோலினாவில் காட்டிலும் பூங்காக்களிலும் வெளிவேலை செய்யும் ஊழியர்கள் ரெண்டு வருஷம் அன்றாட வேலையில் போட்டுத் துவைத்த சீருடைகள். முதல் வருஷம் கடி 82 சதவீதம் குறைந்தது. ரெண்டாம் வருஷம் 34 சதவீதம்தான், அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவு. தொழிற்சாலையில் மருந்து ஏற்றிய உடுப்பில் "70 துவைப்பு தாங்கும்" என்று போட்டிருந்தாலும், போன வருஷத்துப் பேண்ட்டை நம்பி இந்த வருஷம் புல்லுக்குள் இறங்கக்கூடாது என்பதுதான் நான் எடுத்துக்கொண்டது.

நான் செய்தது

0.5 சதவீதம் என்று கலந்தே வருவதைத்தான் வாங்கினேன். கால்நடைக்கான 10 சதவீத மருந்தை மலிவாக வாங்கித் தண்ணீர் கலந்துகொள்கிறவர்கள் இங்கே நிறைய. எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அதில் சேர்த்திருக்கும் கரைப்பான்கள் துணிக்காகவோ, அதைப் போடும் மனுஷனுக்காகவோ சோதிக்கப்பட்டவை இல்ல என்பதால் விட்டுவிட்டேன்.

துணியைக் கழற்றி, வெளியில், காற்று பலமாக இல்லாத நேரத்தில், கொடியில் போட்டேன். அரை அடி தூரத்திலிருந்து ரெண்டு பக்கமும் ஈரம் தெரியும்வரை அடித்தேன். ஷூ, சாக்ஸ், பேண்ட் முழுக்க, சட்டைக் கை நுனி. உள்ளாடைக்கு அடிக்கவில்லை. காய ரெண்டு மணி நேரம், காற்றில் ஈரம் இருந்தால் நாலு மணி. வீட்டில் அடித்தது ஆறு துவைப்பு அல்லது ஆறு வாரம் நிற்கும் என்பதால், அடித்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தேன். இந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்கிறோம். டிரை கிளீனிங் கொடுத்தால் மருந்து போய்விடும்.

இனி பூனை. நம் கல்லீரல் செய்வதைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் செய்ய முடியாது. பெர்மெத்ரினை வெளியேற்றத் தேவையான ஒரு வழி அதற்கு மிகப் பலவீனம். நாய்க்கு முதுகில் விடும் செறிவான பெர்மெத்ரின் மருந்தைத் தெரியாமல் பூனைக்கு விட்டு, வலிப்பு வந்து செத்த பூனைகள் உண்டு. துணியில் நன்றாகக் காய்ந்து ஒட்டிய பிறகு ஆபத்து மிகக் குறைவு, ஈரமாக இருக்கும்போதுதான் பயம். அதனால் அடிப்பது, காய்வது எல்லாம் கேரேஜுக்கு அந்தப் பக்கம். காட்டுத்துணிக்கு மூடி போட்ட தனிக்கூடை. மீனுக்கும் தேனீக்கும்கூட இது கொடிய விஷம். மிச்சத்தைச் சாக்கடையிலோ குளத்திலோ ஊற்றக்கூடாது, பூச்செடிப் பக்கம் நின்று அடிக்கக்கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு கேள்வி வரும். சிரங்குக்கு டாக்டர் தரும் 5 சதவீதக் கிரீமும் பெர்மெத்ரின்தானே, அதைக் கையில் காலில் பூசிக்கொண்டு காட்டுக்குப் போனால் என்ன? பிரயோஜனம் இல்ல. அந்தக் கிரீம் தோலுக்குள் இருக்கும் சிரங்குப் பூச்சியை ஒரே ராத்திரியில் கொல்ல, கழுவிவிட. தோல் தன் எண்ணெயாலும் நொதிகளாலும் பெர்மெத்ரினைச் சீக்கிரம் உடைத்துவிடும். நூலிழையில்தான் அது வாரக்கணக்கில் ஒட்டியிருக்கும். 1957ல் கர்நாடகத்தின் சிவமொக்காப் பக்கம் தெரியவந்த கியாசனூர் காட்டுக் காய்ச்சலுக்கு, உண்ணி அண்டாமல் இருக்கக் காட்டோர மக்களுக்குக் கொடுப்பது டெப்பா எண்ணெய். குவாலியர் ராணுவ ஆய்வுக்கூடத்தில் உருவான அது தோலில் பூசத்தான். எது துணிக்கு, எது தோலுக்கு என்பதை மாற்றிவிடாமல் இருந்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு, நடந்துவிட்டு வந்தால் துணியை முதலில் டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓட்டுகிறோம். பச்சைத்தண்ணியில் துவைத்தால் உண்ணி சாகாது, காய்ந்த சூட்டில் சாகும். அப்புறம் குளியல், முட்டிக்குப் பின்னால், இடுப்பு, அக்குள், காதோரம், தலைமுடி என்று ஒரு சோதனை. லைம் பாக்டீரியா நமக்குள் வரப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே பார்த்து எடுத்தால் பெரும்பாலும் தப்பித்தோம். சனிக்கிழமை ராத்திரி இந்த அஞ்சு நிமிஷத்தைச் செலவு செய்திருந்தால் திங்கட்கிழமை டாக்டர் வீட்டுக்கு ஓடியிருக்க மாட்டேன்.

இந்தக் கோடையில் இதுவரை நாலு தடவை போய்வந்தோம். ஒரு தடவை சாக்ஸ் மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்தேன். கணுக்காலைத் தாண்டுவதற்குள் பிடி விட்டு விழுந்தது. பூனை பழைய கூடையில் தூங்குகிறது.