டையில் ஒட்டிய தூசு விரலுக்கு வைக்கும் உலை!
மணிமங்கலம் பட்டறைகளில் கால் மணி நேர சுத்தம் கையைக் காப்பாற்றும்

காஞ்சீபுரம் மாவட்டம் மணிமங்கலம் சரித்திரத்தில் இடம் பிடித்த ஊர். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் 2-ம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் இதுவும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது.

அன்று அங்கே மோதியது வாளும் வாளும். இன்று மோதுவது இரும்பும் இரும்பும்!

தாம்பரத்தில் இருந்து பஸ் ஏறி முடிச்சூர் தாண்டிப் போகிறவர்கள் காதில் அந்தச் சத்தம் விழும். "டங்... டங்..." என்று தகட்டை வெட்டும் பவர் பிரஸ் இயந்திரங்களின் சத்தம் அது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை வந்தது. 2013-ல் ராயல் என்பீல்டு வந்தது. பெரிய ஆலைகள் வந்ததும், அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகளும் சுற்று வட்டாரம் முழுவதும் முளைத்தன.

கார் கதவில் இருக்கும் சின்ன பிராக்கெட், பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப், ஒரு ரூபாய் கூடப் பெறாத வாஷர்... எல்லாம் பிரஸ்சில் பிறப்பவைதான்.

முறுக்கு அச்சு போலத்தான்!

பிரஸ்சின் உயிர் 'டை'. மேலே இருந்து இறங்குவது பஞ்ச். கீழே அது நுழையும் பள்ளம் டை. இரண்டுக்கும் நடுவே தகட்டை வைத்தால், ஒரே அடியில் வேண்டிய வடிவம் வெட்டுப்பட்டு விழும்.

வீட்டில் முறுக்கு பிழியும் பெண்களுக்கு இது நன்றாகப் புரியும். நேற்றுப் பிழிந்த மாவு அச்சில் காய்ந்து கிடந்தால், இன்று முறுக்கு பிய்ந்து பிய்ந்துதான் வரும். டை விஷயமும் அப்படியே!

ஆனால் இங்கே கணக்கு ரொம்ப நுணுக்கம். 1 மில்லி மீட்டர் இரும்புத் தகட்டை வெட்டும்போது, பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 0.05 முதல் 0.1 மில்லி மீட்டர் இடைவெளிதான் விடுவார்கள். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம்!

அந்த முடியளவு சந்தில் ஒரு இரும்புத் துகள் புகுந்தால் போதும். பஞ்ச் முனை மழுங்கும். டையின் ஓரம் சிதையும். வெட்டி வரும் பீசில் பிசிறு நிற்கும்.

கை எப்படி உள்ளே போகிறது?

"பிசிறு நின்றால் அரம் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். அதற்காக மெஷினை நிறுத்துவார்களா?" என்று கேட்கலாம்.

ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டை சுத்தமாக இருந்தால், வெட்டுப்பட்ட பீஸ் தானாகக் கீழே விழும். அழுக்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அது டையிலேயே ஒட்டிக்கொள்ளும். தகட்டைப் பஞ்சில் இருந்து கழற்றிவிடும் 'ஸ்ட்ரிப்பர்' ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், தகடு பஞ்சோடு மேலே ஏறிக்கொள்ளும்.

அப்போது தொழிலாளி என்ன செய்வார்? "இன்னும் 500 பீஸ் அடிக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்க்கிறார்" என்ற அவசரத்தில் கையை உள்ளே விட்டு எடுப்பார். முதல் தடவை ஒன்றும் ஆகாது. பத்தாவது தடவையும் ஒன்றும் ஆகாது. அதுவே பழக்கமாகிவிடும்.

ஒருநாள் கால் தெரியாமல் பெடலில் பட்டுவிடும். பழைய பிரஸ்களில் கிளட்ச் ஒரு தடவை பிடித்துவிட்டால், அடி முழுவதும் இறங்கி ஏறும் வரை நிற்காது. கிளட்ச் தேய்ந்திருந்தால் பெடலை மிதிக்காமலே இரண்டாவது அடி விழுவதும் உண்டு. அப்புறம் என்ன... விரல் போனது போனதுதான்!

ஆக, விரலைக் குடித்தது பிரஸ் என்று கேஸ் எழுதினாலும், கையை உள்ளே இழுத்தது அழுக்கு டைதான்.

அரியானா மாநிலம் குர்கான்-மானேசர் பகுதியில் இப்படி அடிபட்ட தொழிலாளிகளுக்கு உதவி வருகிறது 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு. 2019 முதல் அது வெளியிட்டு வரும் அறிக்கைக்குப் பெயரே 'நசுக்கப்பட்டோர்' என்று பொருள்படும் 'கிரஷ்டு'. வாகன உதிரிப்பாகப் பட்டறைகளில் விரலைப் பறிக்கும் இயந்திரங்களில் முதலிடம் பவர் பிரஸ்சுக்கு என்று அது காட்டியிருக்கிறது.

விரலுக்கு விரல் கணக்கு

1923-ம் ஆண்டு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போகிறது என்று, பின்னாளில் திருத்தப்பட்ட அந்த அட்டவணை கணக்கு எழுதி வைத்திருந்தது.

கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரல் அல்லது சுண்டுவிரல் என்றால் 7 சதவீதம்தான்!

சட்டத்தின் கணக்கு இப்படி. ஆனால் இரண்டு விரல் போன பிரஸ் ஆபரேட்டரை அடுத்த பட்டறை வேலைக்கு எடுக்குமா? சட்டை பட்டன் போடவும், சாதம் பிசையவும் எந்த அட்டவணை உதவும்?

செய்ய வேண்டியது என்ன?

டை பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. டூல்ரூமில் பழுத்தவர்கள் கடைப்பிடிக்கும் முறை வருமாறு:-

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த உடனே கை வைக்கக்கூடாது. ஃப்ளைவீல் அதன் வேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுக்க நிற்க வேண்டும். பிறகு சுவிட்சில் பூட்டு போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் 'ராம்' நழுவி இறங்காதபடி தாங்கு கட்டை கொடுக்க வேண்டும்.

அப்புறம்தான் சுத்தம். துகள்களைப் பிரஷ்ஷால் தள்ளி எடுக்க வேண்டும். ஏர் பைப்பைப் பிடித்து 'புஸ்' என்று அடிப்பது தப்பு. துகள் பறந்து கண்ணில் விழும். அல்லது கைடு பில்லருக்குள் புகுந்து, இருக்கிற டையையும் கெடுக்கும்.

ஒட்டிய பிசுக்கைச் சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். சிக்கிய துண்டைப் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்கலாம். இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் டையின் ஓரம் பெயர்ந்துவிடும்.

பஞ்ச் முனை மழுங்கியிருந்தால் கொஞ்சமாக கிரைண்ட் செய்ய வேண்டும். கிரைண்டிங் மேஜையில் ஏறும் காந்த சக்தியை நீக்காமல் மாட்டினால், வெட்டிய துண்டுகள் பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வரும். அடுத்த அடியில் தகடு இரட்டைக் கனமாகி பஞ்ச் முறியும்.

கடைசியில் ஈரம் போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எண்ணெய் பூசாத டை சீக்கிரம் துருப்பிடிக்கும். வியர்வைக் கையின் ரேகை கூட துருவாகப் பதியும்.

டையைத் தரையில் போடாமல், பெயர்ச் சீட்டு கட்டி ரேக்கில் வைக்க வேண்டும். அன்று கடைசியாக அடித்த பீசையும் கூடவே கட்டி வைப்பது கெட்டிக்காரப் பட்டறைகளின் வழக்கம். அடுத்த தடவை டையை எடுக்கும் ஃபிட்டர், அந்தப் பீசில் இருக்கும் பிசிறைத் தடவிப் பார்த்தே டைக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார்!

தோட்டா டைக்கும் இதே பாடம்

துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடும் டையில் உருவாவதுதான். வெளிநாடுகளில் குறி சுடும் போட்டிக்காரர்கள், சுட்ட தோட்டாவின் கூட்டைச் சின்ன கை பிரஸ்சில் வைத்து, டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து மீண்டும் பயன்படுத்துவார்கள். நம் நாட்டில் லைசென்சு இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

அந்த டைக்குள் ஒரு மணல் துகள் ஒட்டினால், அடுத்து வரும் ஒவ்வொரு கூட்டிலும் கீறல் விழும். எண்ணெய் அதிகம் தேங்கினால் கூடு நசுங்கும். அதனால் அவர்கள் டையைக் கழுவி, துடைத்து, லேசாக எண்ணெய் தடவித்தான் பெட்டியில் வைப்பார்கள்.

அங்கே மேஜை மேல் உட்காரும் சின்னக் கை பிரஸ். இங்கே டன் கணக்கில் அடிக்கும் பவர் பிரஸ். நமக்குத்தான் கவனம் அதிகம் தேவை!

முதலாளிக்கும் லாபம்

"சுத்தம் செய்ய நேரம் எங்கே? ஆர்டர் போய்விடுமே!" என்பது பட்டறை முதலாளிகள் கவலை. நியாயமான கவலைதான். பெரிய கம்பெனிக்கு லாரி நேரத்தோடு போகாவிட்டால் அபராதம் அவர்கள் தலையில்தான் விழும்.

ஆனால் பஞ்ச் முறிந்தால் லைன் நிற்பது கால் மணி நேரம் அல்ல, ஒரு நாள். பிசிறு பீஸ் திரும்பி வந்தால் தகடும் நஷ்டம், கூலியும் நஷ்டம். ஷிப்டு மாறும்போது ஒதுக்கும் கால் மணி நேரம் இதையெல்லாம் மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. இந்தப் பட்டறைகளில் இன்று பீகார், ஒடிசா இளைஞர்கள் ஏராளம். "சுவிட்சை அணைத்த பிறகே கை வைக்கவும்" என்று தமிழில் மட்டும் எழுதி மாட்டினால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? போர்டு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு படமும் வேண்டும்.

மிகவும் முக்கியமானது, பீஸ் சிக்கினால் மெஷினை நிறுத்தும் தைரியம் தொழிலாளிக்கு வர வேண்டும். "ஏன்டா நிறுத்தினே?" என்று சூப்பர்வைசர் கத்தும் பட்டறையில் அந்தத் தைரியம் வராது. "நிறுத்தினது நல்லதாப் போச்சு. டையைக் கழற்றிப் பார்ப்போம்" என்று சொல்லும் பட்டறையில், காலையில் பத்து விரலோடு வேலைக்கு வந்தவர் மாலையில் பத்து விரலோடு பஸ் ஏறுவார்.