கயிற்றின் நீளம்



யாழ்ப்பாணக் கடனீரேரியில் பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. இத்தகைய ஆழமற்ற நீரில் தொழில் செய்வோர் தம் வள்ளத்திற்கு வேண்டிய நங்கூரத்தைத் தாமே செய்துகொள்வதுண்டு. கட்டட வேலையில் மிஞ்சிய இரும்புக் கம்பிகளை வளைத்து, குழாய்த் துண்டொன்றினுள் செருகிச் சீமெந்து நிரப்பினால் நான்கு கொளுக்கிகள் கொண்ட நங்கூரம் ஆயிற்று. அதுவும் இல்லாதவருக்கு மணல் நிரப்பிய சாக்கு, கயிறு கட்டிய கல், சேற்றில் ஊன்றிய கம்பு.

பாரமானதே பிடிக்கும் என நாம் எண்ணுகிறோம். ஆனால் கல்லும் நீருக்குள் தன் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. வள்ளத்தைக் காப்பது பெரும்பாலும் கொளுக்கி நிலத்தைக் கவ்வும் விதமும் கயிற்றின் நீளமுமே. நீர் 6 அடி ஆழம், அணியம் நீர்மட்டத்திற்கு மேல் 2 அடி எனின் 8 அடிக்குக் கணக்கிட வேண்டும். ஐந்து மடங்கெனில் 40 அடிக் கயிறு. வாடைக் காற்றுக் கடுமையெனில் ஏழு மடங்கு, 56 அடி. இடுப்பளவு நீருக்கு இவ்வளவு எதற்கு என்று கயிற்றைச் சுருக்குபவரின் வள்ளம் விடியுமுன் பாரில் மோதிக் கிடக்கும்; கடன்பட்டு வாங்கிய இயந்திரமும் அதனோடு போகும். குறுகிய கயிறு கொளுக்கியை மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடுகிறது. நீண்ட கயிறோ நிலத்தோடு கிடைமட்டமாய் இழுக்கிறது. அப்போது வீசும் காற்றே கொளுக்கியை மேலும் ஆழப் புதைக்கிறது.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் (6:19) நம் எதிர்நோக்கை ஆன்மாவின் நங்கூரமாகக் காண்கிறது. அது திரைச்சீலைக்கு அப்பால், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பதிந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு யூபிலியின் இலச்சினையிலும் சிலுவையின் அடி நங்கூரமாய் நீண்டிருந்ததைக் கண்டிருப்பீர்கள். கலங்கிய நீரில் மீனவருக்கும் தம் நங்கூரம் தெரிவதில்லை. அவர் கயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். அது நடுங்கினால் நங்கூரம் இழுபடுகிறது. கரையிலுள்ள கோவில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார். இரண்டும் விலகினால் வள்ளம் நகர்கிறது.

நம் செபத்திற்கோ பெரும்பாலும் கயிறு போதாது. நவநாள் ஒன்பதும் முடிந்தும் கேட்டது கிடைக்காவிடில் பத்தாம் நாள் நாம் கோவிற் பக்கம் போவதில்லை.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரை எண்ணிப் பாருங்கள். அவர்களிற் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோயினர். எஞ்சியோரிடம் "இனியாவது மறந்துவிடுங்கள்" என்று நாம் அறிவுரை கூறுகிறோம். அது ஆறுதல் அன்று. நடுக்கடலில் நிற்பவரின் கயிற்றை அறுப்பதாகும். அவர்களின் எதிர்நோக்கு கடலை அமைதியாக்கவில்லை. காற்று இன்னும் வீசுகிறது. ஆயினும் அவர்கள் பிள்ளைகளின் படங்களைக் கையிலிருந்து விடவில்லை.

அத்தகைய தாயொருவர் உங்கள் பங்கிலும் இருக்கலாம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டுக்கு விரையாமல் அவரருகே சற்று நேரம் அமருங்கள். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அன்றிரவு குடும்பச் செபத்தில் உங்கள் பிள்ளைகளின் பெயர்களோடு அந்தப் பெயரையும் சொல்லுங்கள்.