கிளிப் கழற்றியாச்சு, ஆனா வைத்தியம் முடியலை!



நத்தம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்கும் நேரம். ஓர் உறுப்பினர் தயங்கித் தயங்கி, "பொண்ணு பல்லுக்கு மறுபடியும் கொஞ்சம் பணம் வேணும்க்கா" என்றார். உடனே பக்கத்தில் இருந்தவர், "இப்பத்தான அந்தக் கடனைக் கட்டி முடிச்ச? கிளிப்பையும் கழட்டியாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நடந்தது இதுதான். மகளுக்கு முன்பல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இருந்ததால், குழுவில் 30,000 ரூபாய் கடன் வாங்கிக் கிளிப் போட்டார்கள். சட்டை தைத்த கூலியிலும், புளி தட்டின கூலியிலும் தவணை கட்டினார்கள். ஒன்றரை வருடத்தில் பல் வரிசையாக வந்தது. கிளிப்பைக் கழற்றிய டாக்டர், கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்றைக் கொடுத்து, "இதைத் தவறாமப் போடணும்" என்றார். அதன் பெயர் ரீடெய்னர். இரண்டாவது மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தப் பிள்ளை அதைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்தது. சாப்பிட்டு முடித்ததும் இலையோடு சேர்த்து மடித்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். திட்டு விழும் என்ற பயத்தில் நாலு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மா கவனித்தபோது முன்பல் பழையபடி ஏறத் தொடங்கியிருந்தது. போய்க் காட்டினால், "பல் ரொம்ப நகர்ந்திருச்சு. மறுபடியும் சில மாசம் கிளிப் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

பிள்ளை மேலும் தப்பு இல்லை, அம்மா மேலும் தப்பு இல்லை. ரீடெய்னர் எதற்கு என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மாத இதழில் அதை எழுதுகிறோம்.

பல் ஏன் பழைய இடத்துக்குப் போகிறது?

பல் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பதில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் உண்டு. அவைதான் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கிளிப்பில் உள்ள கம்பி பல்லை மெதுவாகத் தள்ளும்போது, ஒரு பக்கம் எலும்பு கரைந்து வழி விடுகிறது. மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது. இப்படித்தான் பல் நகர்கிறது.

கிளிப்பைக் கழற்றும் அன்றைக்குப் பல் புது இடத்துக்கு வந்திருக்கும். ஆனால் சுற்றியுள்ள எலும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. நார்கள் புது இடத்துக்கு ஏற்றபடி அமைய மூன்று நாலு மாதம் பிடிக்கும். ஈறில் உள்ள சில நார்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இழுத்துக் கட்டின ரப்பர் மாதிரி அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும்.

நமக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னால், மாங்கன்று நட்டதும் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுகிறோம். கன்று நேராக நிற்கிறதே என்று மறுநாளே குச்சியைப் பிடுங்குவோமா? வேர் பிடிக்கும் வரை விட்டு வைப்போம். ரீடெய்னரும் அந்தக் குச்சி மாதிரிதான். ஒரு வித்தியாசம் உண்டு. மரம் ஒரு கட்டத்தில் தானாக நிற்கும். பல் அப்படி இல்லை. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பல் கொஞ்சம் நெருங்கத்தான் செய்யும். அதனால்தான் ரீடெய்னரை ராத்திரியில் மட்டுமாவது பல வருடம் போடச் சொல்கிறார்கள்.

மூன்று வகை உண்டு

1. கம்பி வைத்த ரீடெய்னர்: அண்ணத்தில் ஒட்டி உட்காருகிற பிளாஸ்டிக் தகடு, முன்பல்லைச் சுற்றி ஒரு கம்பி. இதை 'ஹாலி' ரீடெய்னர் என்பார்கள். நூறு வருடமாகப் புழக்கத்தில் உள்ளது. கெட்டியானது, கம்பி கொஞ்சம் தளர்ந்தால் டாக்டரே முறுக்கிச் சரி செய்யலாம். ஆனால் கம்பி வெளியே தெரியும். முதல் சில நாள் பேச்சு குழறும்.

2. கண்ணாடி மாதிரி ரீடெய்னர்: பல் அச்சின் மேல் மெல்லிய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்வது. போட்டிருப்பதே தெரியாது. பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் சூடு பட்டால் வளையும், கீறல் விழும், நாளாக ஆகத் தேய்ந்து மாற்ற வேண்டி வரும்.

3. ஒட்டுக் கம்பி: முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவது. கழற்ற முடியாது, தொலையாது, வெளியே தெரியாது. ஆனால் கம்பியைச் சுற்றி அழுக்கு சேரும். ஏதாவது ஒரு பல்லில் ஒட்டு விட்டுப்போனால் நமக்குத் தெரியாமலே அந்தப் பல் நகர்ந்துவிடும்.

எது நமக்குச் சரி?

எந்தப் பல் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். மேல் பல்லுக்குக் கழற்றி மாட்டுவதும், கீழ்ப் பல்லுக்கு ஒட்டுக் கம்பியும் வைப்பது உண்டு. ஆனால் நம் வீட்டு நிலைமை டாக்டருக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். பிள்ளை பென்சில் பாக்ஸையே வாரத்துக்கு ஒன்று தொலைக்கிறதா? சொல்லுங்கள். மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ வந்து போக ஒரு நாள் கூலி போகிறது, அடிக்கடி வர முடியாது என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பல் நன்றாக விளக்காத பிள்ளைக்கு ஒட்டுக் கம்பி வைத்தால் ஈறு வீங்கும். அதையும் மறைக்காதீர்கள்.

முக்கியமான ஒன்று. கிளிப் போடும் முன்பே நாலு கேள்வி கேளுங்கள்:
- சொல்கிற தொகையில் ரீடெய்னருக்கும் சேர்த்தா, தனியா?
- தொலைந்தால், உடைந்தால் புதிதாகச் செய்ய எவ்வளவு?
- கிளிப் கழற்றிய பிறகு எத்தனை முறை வந்து காட்ட வேண்டும்?
- பல் அச்சு எடுத்த மாவுக்கட்டை நமக்குக் கிடைக்குமா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. ரீடெய்னர் தொலைந்து, பல் இன்னும் நகராமல் இருந்தால், கிளிப் கழற்றியபோது எடுத்த அச்சிலேயே புதிது செய்ய வாய்ப்பு உண்டு.

எப்படிப் போட வேண்டும்?

பெரும்பாலும் முதல் சில மாதம், சாப்பிடும் நேரமும் பல் விளக்கும் நேரமும் தவிர இரவு பகல் முழுக்கப் போடச் சொல்வார்கள். பிறகு ராத்திரி மட்டும். உங்கள் டாக்டர் சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்கி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கையைக் கழுவிவிட்டு, விரலால் இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி மாட்ட வேண்டும். வாயில் வைத்துக் கடித்து உட்கார வைக்கக் கூடாது. கழற்றும்போதும் இரண்டு பக்கமும் பிடித்துக் கழற்ற வேண்டும். முன்கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாக்கால் தட்டித் தட்டி விளையாடுகிற பழக்கம் வந்தால் சீக்கிரம் உடைந்துவிடும்.

முதல் ஓரிரு வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும், பல் இறுக்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம். பாடப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள், பேச்சு சரியாகிவிடும். புண் ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் கத்தியாலோ அரத்தாலோ தேய்க்காதீர்கள்.

சாப்பிடும்போதும், டீ, காபி, கலர் குடிக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். கிணற்றில் குதித்து நீச்சல் அடிக்கப் போகிற பிள்ளைகள் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். கிணற்றுக்குள் விழுந்தால் போனது போனதுதான்.

ஒட்டுக் கம்பி வைத்தவர்கள் கரும்பு கடிப்பது, முறுக்கை முன்பல்லால் உடைப்பது, மாங்கொட்டையைக் கடித்துச் சூப்புவது எல்லாம் கூடாது. மாம்பழத்தை நறுக்கிச் சாப்பிடலாம்.

எப்படிப் பாதுகாப்பது?

- ஒவ்வொரு முறை கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். தினம் ஒரு முறையாவது, அதற்கென்றே வைத்த மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். நன்றாக அலசிவிட வேண்டும்.
- பல்பொடி, சாம்பல், உப்பு, கரி, தேங்காய் நார், கம்பி நார் எதுவும் படக் கூடாது. கீறல் விழும். கீறலுக்குள் அழுக்கு தங்கி நாற்றம் அடிக்கும்.
- கொதிக்கிற தண்ணீரில் போடவே கூடாது. "கிருமி சாகட்டும்" என்று பால் பாட்டிலைப் போல வேக வைத்து, ரீடெய்னர் வளைந்துபோன கதை எங்களுக்குத் தெரியும். அடுப்புப் பக்கத்திலும், வெயில் படுகிற ஜன்னலிலும் வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்.
- வெள்ளையாகப் படலம் படிந்தால் சுரண்டாதீர்கள். செட்டுப் பல் கழுவுகிற மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்கும். அதைப் போடலாமா என்று டாக்டரைக் கேட்டுப் போடுங்கள்.
- வாயில் இல்லாத நேரம் டப்பாவில் இருக்க வேண்டும். டிஷ்யூ பேப்பர், இலை ஓரம், சட்டைப் பை, முந்தானை முடிச்சு எதுவும் ஆகாது. எச்சில் வாசனைக்கு நாய் கவ்விக் கடித்துவிடும். எட்டாத இடத்தில் வையுங்கள். டப்பா மேல் பெயரும் வீட்டு செல் நம்பரும் எழுதுங்கள்.
- ரீடெய்னர் போட்டாலும் பல்லை இரண்டு வேளை விளக்க வேண்டும். அழுக்குப் பல் மேல் மாட்டினால் சொத்தை வரும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"நாலு நாள் போடலை, இப்ப இறுக்கமா இருக்கு. என்ன செய்ய?"

இறுக்கமாக இருக்கிறது என்றால் பல் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முழுதாக உட்கார்ந்தால் விடாமல் போட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். உட்காரவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

"அக்காவோட ரீடெய்னரைத் தங்கச்சி போடலாமா?"

கூடாது. அவரவர் பல் அச்சுக்குச் செய்தது அவரவருக்குத்தான்.

"செலவு கம்மியா எங்க பாக்கலாம்?"

எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பற்சீரமைப்புப் பிரிவு உண்டு. மதுரையில் உள்ள தனியார் கல்லூரிகளில் பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை தருகிறார்கள். பொதுவாக வெளிக் கிளினிக்கை விடச் செலவு குறையும். அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் 1953-லிருந்து இருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று திறந்திருக்கிறார்கள். பஸ் ஏறும் முன் போன் செய்து, என்ன கிழமை பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். படித்துப் பதிவு செய்த பல் டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் கம்பி கட்டாதீர்கள். பல்லில் ரப்பர் பேண்டு மாட்டி இடைவெளியை மூடுவது ஆபத்து. ரப்பர் ஈறுக்குள் ஏறிப் பல்லே விழுந்துவிடும்.

"தெத்துப்பல் இருந்தா கட்டாயம் கிளிப் போடணுமா?"

இல்லை. மெல்ல முடியவில்லை, விளக்க முடியாமல் சொத்தை விழுகிறது, முன்பல் எத்திக்கொண்டு அடிபடுகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். "பொண்ணு பாக்க வருவாங்க" என்பதற்காக மட்டும் கடன் வாங்க வேண்டியதில்லை. பிள்ளைக்கே விருப்பம் உண்டா, ரீடெய்னரை வருடக்கணக்கில் போடச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள்.

தொலைந்தால் திட்டாதீர்கள்

தோழியரே, ரீடெய்னர் தொலைந்தால் அந்த வாரத்திலேயே டாக்டரிடம் போனால் பெரும்பாலும் புது ரீடெய்னர் செலவோடு போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் மறுபடியும் கிளிப், மறுபடியும் கடன். அந்தப் பிள்ளை நாலு மாதம் வாய் திறக்காமல் இருந்ததற்குப் பயம்தான் காரணம். "தொலைச்சா தோலை உரிச்சிருவேன்" என்று சொல்லி வைத்தால் எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது. "தொலைஞ்சா அன்னைக்கே சொல்லு பாப்பா, திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

அந்தக் குழுவில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கேள்வி கேட்ட அதே உறுப்பினர்தான், "நமக்கும் தெரியாதுல்ல, கொடுப்போம்" என்று முதலில் சொன்னார். கடன் கொடுத்தார்கள். கூடவே தீர்மானப் புத்தகத்தில் ஒன்று எழுதினார்கள்: இனிப் பல் கிளிப்புக்குக் கடன் கேட்டால், ரீடெய்னர் செலவையும் கேட்டு எழுதி வாங்கி வந்த பிறகே தொகையை முடிவு செய்வது.

அடுத்த கூட்டத்தில், வாசிக்கத் தெரிந்தவர் இதை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கிளிப் போட்ட பிள்ளை உள்ள வீடு உங்கள் தெருவில் இருந்தால், அன்று சாயங்காலமே ஒரு எட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.