சோங்-குல் போகிறவர்கள் கவனத்துக்கு

தோளில் கட்டோடு வந்தவர் மேசையில் வைத்த கோப்பு நிறையப் புகைப்படங்கள். பச்சைப் புல்வெளி, வெள்ளைக் கூடாரம், குதிரை மேல் அவர், குதிரைக்குப் பக்கத்தில் அவர். நான் கேட்டது ஒரே ஒரு காகிதம். கீழே விழுந்த அன்று யார் பார்த்தார், என்ன எழுதிக் கொடுத்தார் என்கிற காகிதம். அது மட்டும் இல்லை. "அந்தக் காட்டுல யாருங்க எழுதிக் குடுப்பாங்க? குதிரைக்காரர் துண்டால கட்டிவிட்டார். மறுநாள் ஃபிளைட். நேரா கோயம்புத்தூர் வந்துதாங்க எக்ஸ்ரே எடுத்தோம்" என்றார். காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் நான்கே வரி. விபத்து வெளிநாட்டில் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. இந்தியாவில் செய்த சிகிச்சைக்குப் பயணக் காப்பீடு பொருந்தாது.

நுகர்வோர் புகார்களை எழுதிக் கொடுக்கும் வேலையில், இரண்டு கோடைகளில் என்னிடம் வந்த நான்காவது கோப்பு இது. நான்கிலும் ஊர் ஒன்றுதான்: கிர்கிஸ்தான், சோங்-குல் ஏரி. மகனோ மகளோ பிஷ்கெக்கில் எம்.பி.பி.எஸ். படிக்கிறார்கள். பார்க்கப் போகிற பெற்றோர், வந்ததுதான் வந்தோம் என்று மூன்று நாள் குதிரைப் பயணத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும், நல்ல இடம்தான். கடல்மட்டத்திலிருந்து 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி. ஜூனில் பனி உருகியதும் கீழ்க் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் ஆடு, மாடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு மேலே வரும். அந்தக் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஜைலோ. கம்பளிக் கூடாரத்துக்கு போஸ் ஊய். செப்டம்பரில் எல்லாவற்றையும் பிரித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வரலாறு இவ்வளவு போதும். காகிதத்துக்கு வருவோம்.

பயணக் காப்பீடு வாங்காமல் போகிறவரைப் பற்றி எழுத எதுவும் இல்லை. வாங்கியும் ஏமாறுகிறவர்கள்தான் என் கவலை. விமான டிக்கெட் எடுக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் வந்து சேரும் காப்பீட்டில் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் படித்தார்கள்? பாலிசியில் 'விலக்குகள்' என்று ஒரு பகுதி இருக்கும். மலையேற்றம், சாகச விளையாட்டு, ஆபத்தான செயல்கள் என்று அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள். சில பாலிசிகளில் உயர வரம்பும் உண்டு. வழிகாட்டியோடு குதிரையில் மெதுவாகப் போவது இதில் சேருமா சேராதா? முகவர் "அதெல்லாம் வரும் சார்" என்பார். அவர் சொல் செல்லாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "வழிகாட்டியுடன், 3,400 மீட்டர் உயரம் வரை, மூன்று நாள் குதிரைச் சவாரி செய்யப்போகிறேன். விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவும் மீட்புச் செலவும் இந்த பாலிசியில் கிடைக்குமா?" பதில் 'ஆம்' என்று வந்தால் அச்செடுத்து வையுங்கள். 'இல்லை' என்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சாகசப் பாதுகாப்பைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு நிறுவனம் பாருங்கள். இதைக் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டும். இங்கே விற்கும் பாலிசிகளில் பெரும்பாலானவற்றை இந்தியாவை விட்டுப் புறப்பட்ட பிறகு வாங்க முடியாது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் என்று எது இருந்தாலும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். பிரீமியம் ஏறுமே என்று மறைத்தவர்களின் கோப்பு என் அலமாரியில் தனிக் கட்டாக இருக்கிறது.

இன்னொன்று நமக்கே உரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பாலிசியில் வெறும் இனிஷியல், இ-விசாவில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. மூன்றும் மூன்று ஆட்களைப் போலத் தோன்றும். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே மற்ற இரண்டிலும் எழுதுங்கள். இந்தியர்களுக்கு கிர்கிஸ்தான் விசா அந்நாட்டு அரசின் இ-விசா தளத்திலேயே கிடைக்கிறது. சோங்-குல் போக எல்லைப் பகுதி அனுமதி வேண்டாம். ஆனால் குதிரைக்காரர் "அதைவிட அழகு கோல்-சூ ஏரி, சீன எல்லைப் பக்கம்" என்று ஆசை காட்டினால் நின்று யோசியுங்கள். அங்கே தனி அனுமதிச் சீட்டு வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்குவது அது. இல்லாமல் போனால் ராணுவச் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள்.

பணம் யாருக்குக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் உரிமையே இருக்கிறது. இங்கே உள்ள பயண நிறுவனம் ஒன்றிடம் முழுத் தொகுப்பாக வாங்கி, ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீதும் பெற்றிருந்தால், அங்கே குதிரை தந்தவர் செய்த குறைபாட்டுக்கும் அந்த நிறுவனத்தை இங்கே கேள்வி கேட்க முடியும். ரசீதில் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் வரவாகி இருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். பலர் அதைக் கட்டணம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மாறாக, மகனுடைய சீனியர் ஒருவர் சொன்ன எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பிவிட்டு, மீதியை மலையில் ரொக்கமாகக் கொடுத்தால் இந்தியாவில் வழக்குப் போட ஆளே கிடையாது. அங்கேயே நேரடியாக ஏற்பாடு செய்வதானால், கோச்கோர் ஊரில் உள்ள சி.பி.டி. என்கிற சமூகச் சுற்றுலா அலுவலகம் போன்ற ஓர் அலுவலகத்தில் செய்யுங்கள். எத்தனை நாள், எத்தனை குதிரை, வழிகாட்டி யார், ஹெல்மெட் உண்டா, பாதியில் திரும்பினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

இனி மலை. பிஷ்கெக் சுமார் 800 மீட்டர் உயரம். காலையில் அங்கே கிளம்பி மாலையில் ஏரிக்கரையில் நின்றால், ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறியிருக்கிறீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வந்தே தீரும் என்றில்லை, வந்தால் வியப்பில்லை. வழியில் கோச்கோரில் ஓர் இரவு தங்குங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் தருவதை விழுங்காதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ அன்றே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. "காசு கட்டியாச்சே, ஒரு ராத்திரிதானே" என்ற பேச்சே கூடாது.

தலைவலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. போஸ் ஊய் கூடாரத்தின் உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். துந்துக் என்பார்கள். அந்நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பதும் அதுதான். குளிர் கூடினால், மழையோ பனியோ வந்தால் (ஜூலையிலும் வரும்) அதைக் கம்பளியால் மூடிவிடுவார்கள். உள்ளே இரும்பு அடுப்பில் காய்ந்த சாணம் எரியும். புகைக்குழாய் சரியில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு வாசனை கிடையாது. ஒரு கூடாரத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் அதை உயரத்தின் தலையில் கட்டாதீர்கள். முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். படுக்கும் முன் அடுப்பு அணைந்ததா என்று பாருங்கள். துந்துக்கை ஒரு கை அகலமாவது திறந்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கார அம்மாவை 'எஜே' என்று, அதாவது அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டால் மறுக்கமாட்டார்.

குமிஸ் கொடுப்பார்கள். புளித்த குதிரைப் பால். காய்ச்சாத பால் அது. அந்த நாட்டில் கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லோசிஸ் காய்ச்சல் உண்டு. மரியாதைக்கு உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். ஊருக்கு வந்து பல நாள் விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்தால், மலையில் காய்ச்சாத பால் குடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் டைபாய்டைத் தேடிக்கொண்டிருப்பார். மேய்ச்சல் நாய் கடித்தால், பல் கீறியிருந்தாலும், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்கு இறங்க வேண்டும். மூன்று நாள் முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

குதிரையைப் பற்றி ஒரே பத்தி. ஏறும் முன் வயிற்றுப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று குதிரைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போனதும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், தளர்ந்திருக்கும். அங்கவடியில் பாதத்தின் முன்பாகம் மட்டும் இருக்கட்டும். முழுப் பாதமும் நுழைந்தால் விழும்போது இழுத்துக்கொண்டு போகும். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள். என்னிடம் வந்த நான்கு பேரில் இரண்டு பேர் விழுந்தது செல்ஃபியில்தான். பாஸ்போர்ட்டைச் சேணப்பையில் போடாதீர்கள். அந்தப் பைக்கு குர்ஜுன் என்று பெயர். ஓடை கடக்கும்போது அது தண்ணீரில் தோய்ந்தே போகும். பாஸ்போர்ட் பிளாஸ்டிக் உறையில், உடம்போடு இருக்கட்டும்.

பாஸ்போர்ட் போயேவிட்டதா? வரிசை இதுதான். முதலில் உள்ளூர்க் காவல்துறையில் (மிலிட்சியா என்றால் எல்லோருக்கும் புரியும்) எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட சான்று வாங்குங்கள். அதோடு பிஷ்கெக்கில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய் அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது கையில் கிடைத்ததும் உடனே விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். கிர்கிஸ் அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், தூதரகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தூதரகம் பதில் சொல்லாவிட்டால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள், எண் கிடைக்கும். தூதரகம் ஆஸ்பத்திரி பில் கட்டும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

அடிபட்டால்? ஆம்புலன்ஸ் 103, மீட்புப் படை 112. மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. வழிகாட்டியிடம் சாட்டிலைட் போன் உண்டா, இல்லையென்றால் எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். சிக்னல் கிடைத்ததும், பாலிசி அட்டையில் உள்ள உதவி மைய எண்ணுக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், சிலவற்றில் 48-க்குள் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அழைத்த நேரத்தையும் அவர்கள் தரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, எவ்வளவு சின்ன அடியானாலும், கோச்கோரோ நரினோ பிஷ்கெக்கோ, ஏதாவது ஒரு மருத்துவமனைக்குப் போய் 'ஸ்ப்ராவ்கா' கேளுங்கள். மருத்துவச் சான்றுக்கு அங்கே வழங்கும் சொல் இது. படுக்கையில் சேர்த்தார்கள் என்றால் வெளியேறும்போது 'விபிஸ்கா', நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி. இரண்டிலும் விபத்து நடந்த தேதி, இடம், 'குதிரையிலிருந்து விழுந்தார்' என்ற வாசகம், மருத்துவர் கையெழுத்து, மருத்துவமனை முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத தாளை அங்கேயே யாரும் மதிக்கமாட்டார்கள், இங்கே கேட்கவே வேண்டாம். ரசீதுகளும் எக்ஸ்ரே படமும் மூலப் பிரதிகளாக வேண்டும். எல்லாம் கிர்கிஸிலோ ரஷ்யனிலோ இருக்கும். பிஷ்கெக்கில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து ரஷ்யன் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டாம். வழிகாட்டியிடமும் ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி வாங்குங்கள். மறுபடி சொல்கிறேன்: விமானம் ஏறும் முன் வாங்குங்கள். ஊருக்கு வந்தபின் இந்தத் தாளை உங்களுக்குத் தரக்கூடிய அலுவலகம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை.

காகிதமெல்லாம் இருந்தும் நிறுவனம் மறுத்தால் வழி இருக்கிறது. முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம், தொலைபேசி 155255. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள். ஆகவே முதலில் இங்கே. ஆத்திரத்தில் நேராக வழக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சண்டை பயண நிறுவனத்தோடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம். இரண்டு ஆண்டு அவகாசம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசிப் பார்க்கலாம், சிலது அங்கேயே முடிந்துவிடும். வாட்ஸ்அப் உரையாடலை ஆதாரமாக வைத்தால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்கிற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும். அதனால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றினால் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

தோள் கட்டுக்காரரின் மகள் பிஷ்கெக்கில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறையில் கோச்கோர் போய் அந்தக் குதிரைக்காரரைத் தேடிப் பிடித்து ஒரு பக்கம் எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறாள். கையெழுத்து இருக்கிறது. தேதி போட மறந்துவிட்டார். இன்னொரு முறை போகச் சொல்லியிருக்கிறேன், செப்டம்பரில் அவர்கள் கிராமத்துக்கு இறங்கியபிறகு.