போதையும் சிக்னலும்

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பையன் மூன்று மாதம் ஒழுங்காக இருக்கிறான். சம்பளத் தேதியன்று பணம் எடுக்க ஏ.டி.எம். போனவன் ராத்திரி வீடு திரும்பவில்லை. "வைராக்கியம் இல்லாத பயல்" என்று சொந்தக்காரர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மும்பையில் நம்மவர் வீடுகளிலும் இது நடக்கிறது.

அடியேன் டாக்டர் அல்ல. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் முன்பே டிஸ்டன்ட் சிக்னலில் மஞ்சளைப் பார்த்ததும் டிரைவரின் கை பிரேக்குக்குப் போய்விடும். யோசித்துச் செய்வதல்ல, பழக்கம். மூளையும் இப்படித்தான் பழகுகிறது.

கொக்கெயின், இங்கே எம்.டி. என்கிற மெஃபெட்ரோன் (2015-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது) ஆகியவை மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தை வெள்ளமாகப் பெருக வைக்கின்றன. நாளடைவில், பொருள் வரப்போகிறது என்று அறிவிக்கும் அடையாளத்துக்கே டோபமின் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. சுருட்டிய ரூபாய் நோட்டு, சின்ன ஜிப் பாக்கெட், பழைய கூட்டாளியின் ஃபோன், சனிக்கிழமை இரவு, ஏன், கையில் புழங்கும் ரொக்கம்கூட அடையாளம்தான்.

அமெரிக்காவில் நோரா வோல்கோ குழுவினர் 2006-ல் கொக்கெயின் அடிமைகளுக்கு இரண்டு படம் போட்டுக் காட்டினார்கள். ஒன்று இயற்கைக் காட்சி, மற்றது கொக்கெயின் உபயோகிக்கும் காட்சி. இரண்டாவதைப் பார்த்தபோது, ஒரு துளி பொருள் உள்ளே போகாமலே டோபமின் ஏறியது. 2008-ல் அன்னா ரோஸ் சில்ட்ரெஸ் குழுவினர் அத்தகைய படங்களை 33 மில்லி விநாடி மட்டுமே காட்டினார்கள். பார்த்ததாகவே தெரியாத நேரம் அது. அப்படியும் மூளை விழித்துக்கொண்டது. வைராக்கியம் வந்து சேருவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது!

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 2016-ல் வெளியான ஆய்வு. பொருளை விட்டவர்களிடம் 'ஆசை இருக்கிறதா' என்று கேட்டால், நாளாக நாளாகக் குறைகிறது என்றார்கள். ஆனால் அடையாளங்களைக் கண்டதும் மூளையில் பதிவான மின்னலைகள் ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை உச்சத்தில் இருந்தன. ஒரு வருஷம் சென்றவர்களிடம் தணிந்திருந்தன. "எனக்கு இப்போ ஆசையே இல்லேப்பா" என்று பையன் சொல்வது பொய்யல்ல. அதை நம்பி, சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று கையில் ஐயாயிரம் கொடுத்து அனுப்புவதுதான் தப்பு. முதல் ஆறு மாதமாவது சம்பளக் கணக்கை அவன் சம்மதத்தோடு அம்மாவோ அக்காவோ பார்த்துக்கொள்ளட்டும். ஃபோன் நம்பரை மாற்றுங்கள். பழைய இடத்தைத் தாண்டித்தான் ஆபீஸ் போக வேண்டுமென்றால் வேறு வழி பாருங்கள், அரைமணி கூடினாலும் பரவாயில்லை.

ஆவல் ஓர் அலை. பெரும்பாலும் சிறிது நேரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் உபதேசம் செய்யாமல் பக்கத்தில் யாராவது இருந்தால் போதும்.

குடிப்பழக்கத்துக்கு இருப்பதுபோல் இந்தப் போதைக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. ஆலோசனை சிகிச்சையும், சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தரும் முறையும்தான் நல்ல பலன் தந்திருக்கின்றன. பரிசாகப் பெரும்பாலும் கூப்பன்தான் கொடுக்கிறார்கள். காரணம் தெரிகிறதல்லவா? மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவி எண் 14446.