தம்பிக்கு ஒரு டெலஸ்கோப்

வீட்டில் வானம் பார்க்கத் துடிக்கிற தம்பி, தங்கை இருக்கிறார்களா? கடைக்கு ஓடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35-க்கு சந்திரயான்-3 கிளம்பியதை என் தம்பி படகு மேல் ஏறி நின்று பார்த்தான். அன்றிலிருந்து, "அண்ணா, நிலாவுல பள்ளம் இருக்குதாமே, காட்டுண்ணா" என்று ஒரே நச்சரிப்பு.

ஏரியில் எங்களுக்கு மீன்பிடி முறை வருவதைப் 'பாடு' என்போம். இறால் நன்றாக விழுந்த ஒரு பாட்டுக்குப் பிறகு அப்பா என் கையில் பணத்தைக் கொடுத்து, "நீதான்டா படிச்சவன், பார்த்து வாங்கியா" என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கடையில் அட்டைப்பெட்டி மேல் '450 பவர்' என்று போட்டிருந்தது. வேறொன்றும் கேட்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

ராத்திரி தெருவே கூடிவிட்டது. நிலா மங்கலாகத் தெரிந்தது, ஆடியது, ஓடிப்போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதான், "என் கண்ணு சரியில்லையாண்ணா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பௌதிகப் புத்தகத்தை எடுத்தேன். பெரிய லென்சின் குவிய தூரத்தைக் கண் லென்சின் குவிய தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 600 மி.மீ.யை 4 மி.மீ.யால் வகுத்தால் 150. கூடவே 3 மடங்கு 'பார்லோ' லென்ஸ் ஒன்று. ஆக 450! கணக்கு சரிதான். ஆனால் வெளிச்சம்? முன் லென்சின் விட்டம் 50 மி.மீ.தான். விட்டம் எத்தனை மி.மீ.யோ, அதைப்போல 2 மடங்குக்கு மேல் பெருக்கிப் பயனில்லை. இதற்கு 100-தான் எல்லை. ஒரு கரண்டிக் குழம்பை ஒரு பானைச் சோற்றில் பிசைந்த கதை. கலிலியோ 1610-இல் வியாழனின் 4 நிலாக்களைக் கண்டுபிடித்தது சுமார் 20 மடங்குக் குழாயில்தான். எனவே கடையில் பவரைக் கேட்காதீர்கள், விட்டத்தைக் கேளுங்கள்.

அடுத்தது ஸ்டாண்ட். ஏரிக்காற்றில் அந்த அலுமினியக் கால்கள் நாணல் மாதிரி ஆடின. வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை ஒரு பையில் போட்டு நடுவில் தொங்கவிட்டேன். பார்லோவைக் கழற்றிவிட்டு 20 மி.மீ. கண் லென்சைப் போட்டேன். 30 மடங்குதான், ஆனால் நிலா அசையாமல் நின்றது. "பள்ளம்ணா! பள்ளம்ணா!" என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இனிமேல் வாங்குபவர்களுக்கு என் யோசனை, முதலில் 10×50 பைனாகுலர். 10 மடங்கு, 50 மி.மீ. விட்டம். கார்த்திகைக் கூட்டம் அள்ளிக் கொட்டின மாதிரி தெரியும். பையன் சலித்துப் போனாலும் படகு பார்க்க உதவும். அதையும் தாண்டி ஆசை இருந்தால் 114 அல்லது 130 மி.மீ. கண்ணாடி வைத்த டாப்சன் வகை. அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்பவர் 1960-களில் பிரபலமாக்கியது. ஸ்டாண்ட் வெறும் பிளைவுட் பெட்டிதான். நம் கார்பென்டரி ஷாப்பிலேயே செய்யலாம்!

நம் பக்கத்து உப்புக்காற்று கண்ணாடியின் அலுமினியப் பூச்சை அரிக்கும். பார்த்து முடித்ததும் ஈரம் காயவிட்டு மூடி, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். லுங்கியால் துடைக்க வேண்டாம் (நான் துடைத்தேன், கீறல் இருக்கிறது). கண் லென்சில் திருகும் குட்டி 'சூரிய ஃபில்டர்' கொடுத்தால் உடைத்துப் போடுங்கள். சூட்டில் அது வெடிக்கும். கண் போனால் போனதுதான்.

தம்பி இப்போது வியாழனின் நிலாக்களை நோட்டில் தினமும் புள்ளி வைத்துக் குறிக்கிறான். விடிவெள்ளியை வைத்தே இத்தனை வருஷம் கடலுக்குப் போன அப்பா, ஒருநாள் விடியற்காலையில் அதைக் குழாயில் பார்த்தார். "என்னடா இது, இதுவும் பிறை மாதிரி இருக்குதே!" என்றார்.